ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக்கின் முன் ஃபோர்க் (முன்சக்கர சஸ்பென்ஷன்): உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (சேலம்): அண்ணா, என் எடை 92 கிலோ. கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பிடித்தாலே முன்பக்கம் அமுங்கிப் போகிறது. எதை முதலில் மாற்றுவது?

ஸ்பிரிங்கை. ஆனால் வாங்குவதற்கு முன் சாக் அளந்து பாருங்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் சாக். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, டஸ்ட் சீலுக்கு மேல் தெரியும் குழாயின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், வழக்கமான மூட்டையோடு உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். சீல் உரசலால் அளவு மாறும். அதனால் ஒருமுறை அமுக்கிவிட்டு அளந்து, ஒருமுறை தூக்கிவிட்டு அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

இந்த ஃபோர்க்கின் மொத்த ஓட்டம், அதாவது மேலும் கீழும் அசையும் தூரம், 200 மி.மீ. சாக் 50 முதல் 65 மி.மீ.க்குள் வந்தால் சரி. அதைத் தாண்டி வெகுவாக இறங்கினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதவில்லை. எடையைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங் கேளுங்கள். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதுதான் ஃபோர்க்குக்குள் இருக்கும் ஆயிலின் வேலை.

ஒரு எச்சரிக்கை. ஃபோர்க் மூடியைக் கழற்றும்போது சக்கரத்தில் பாரம் இருக்கக் கூடாது. மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி (ஓசூர்): ஸ்பிரிங்குக்கு மேலே பிவிசி குழாய் வெட்டிப் போட்டால் கடினமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. அது பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது. வண்டி நிற்கும் உயரம் கூடும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் பலம் அப்படியேதான் இருக்கும். சாக் கொஞ்சம் மட்டும் அதிகமென்றால் இது போதும்.

கேள்வி (திண்டுக்கல்): யூஎஸ்டி (தலைகீழ்) ஃபோர்க் மாட்டலாமா?

வேண்டாம் என்பேன். கிளாம்ப், ஆக்சில், காலிப்பர் பிடிமானம், ஏபிஎஸ் சென்சார் எல்லாமே மாறும். ஹேண்டில்பார் திரும்பும் அச்சிலிருந்து கிளாம்ப் ஃபோர்க்கை எவ்வளவு முன்னே தள்ளிப் பிடிக்கிறது என்பது (ஆஃப்செட்) மாறினால் வண்டி திரும்பும் குணமே மாறிவிடும். ஹிமாலயன் 450-இல் 43 மி.மீ. யூஎஸ்டி ஃபோர்க் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதன் ஓட்டமும் 200 மி.மீ.தான். குழாயைத் தலைகீழாக வைப்பதால் விறைப்பு கூடும், ஓட்டம் கூடாது.

கேள்வி (கோவை): இவ்வளவு எதற்கு? என் மெக்கானிக் 15 டபிள்யூ என்ற கெட்டியான ஆயில் ஊற்றினார், பிரச்சினை தீர்ந்தது. ஸ்பிரிங், எமுலேட்டர் வால்வ் எல்லாம் வீண் செலவு.

இதை ஏற்க மாட்டேன். 411-இல் இருப்பது டேம்பர் ராட் ஃபோர்க். ஆயில் அந்த ராடில் உள்ள, குறிப்பிட்ட அளவுள்ள ஓட்டைகள் வழியாகத்தான் போக வேண்டும். ஃபோர்க் அசையும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால்தான் மெதுவாக அமுங்கும்போது தளர்வாகவும், கல்லில் மோதும்போது கையை உடைப்பது போலவும் இருக்கிறது. கெட்டியான ஆயில் முதல் குறையைக் கொஞ்சம் மறைத்து, இரண்டாவதை இன்னும் மோசமாக்கும்.

கோவை நண்பர் மீண்டும்: நான் ஓட்டுவது நெடுஞ்சாலை. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே?

நெடுஞ்சாலையில் தெரியாது. வரிசையாகக் குழிகள் உள்ள மண் பாதையில் ஓட்டிப் பாருங்கள். கெட்டி ஆயிலால் ஃபோர்க் மெதுவாகத்தான் மேலே திரும்பும். அது திரும்பி வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, கடைசியில் ஓட்டமே மிச்சமில்லாமல் போகும். சறுக்கி விழுவது அப்போதுதான்.

எமுலேட்டர் டேம்பர் ராடின் தலையில், ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும் சின்ன வால்வ். ரேஸ் டெக் கம்பெனியின் கோல்டு வால்வ் இந்த வகைதான். ராடில் அமுக்கத்துக்கான ஓட்டைகளைப் பெரிதாக்கிவிட்டால் அந்த வேலை வால்வின் கைக்கு வந்துவிடும். மெதுவான அமுக்கத்தைத் தடுக்கும், கல் மோதினால் திறந்து விட்டுக்கொடுக்கும். மேலே திரும்பும் வேகத்தை மட்டும் பழையபடி ஆயிலை வைத்துச் சரிசெய்ய வேண்டும். வீண் செலவு என்பது சாக் அளக்காமல் வாங்குவதுதான்.

கேள்வி (தேனி): யூஎஸ்டி போட்டால் ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?

யூஎஸ்டிக்கு மேலே பதில் இருக்கிறது. சட்டம் வேண்டுமானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படியுங்கள்.

கேள்வி (வேலூர்): பெரிய பள்ளத்தில் மட்டும் 'டங்' என்று அடிமட்டத்தில் இடிக்கிறது. சாக் அளந்தேன், 58.

அளந்ததற்கு நன்றி! உங்களுக்கு ஸ்பிரிங் சரி. ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள். உள்ளே காற்றுக்கான இடம் சுருங்கும். சுருங்கிய காற்று ஓட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் பலமாகத் தள்ளும், தொடக்கத்தின் மென்மை கெடாது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி வைத்து மட்டத்தை அளக்க வேண்டும். அதிகமாக ஊற்றினால் சீல் போய்விடும்.

கேள்வி (நாகர்கோவில்): யூஎஸ்டி...

மேலே பாருங்கள்.

கேள்வி (திருச்சி): புது ஸ்பிரிங் போட்ட பிறகு ஃபோர்க் இறுக்கமாக, ஒட்டிக்கொண்டது போல நகர்கிறது.

ஸ்பிரிங் மேல் பழி போடாதீர்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது இரண்டு கால்களும் இணையாக உட்காராமல் இருந்திருக்கும். ஆக்சிலை இறுக்கி, ஃபோர்க் காலின் அடியில் ஆக்சிலைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்குங்கள். கால்கள் தானாகவே இடத்துக்கு வரும். அதன் பிறகு கிளாம்ப்பை இறுக்குங்கள். அப்புறம் சாக்கை மறுபடி அளங்கள். புது ஸ்பிரிங்குக்கு பழைய அளவு பொருந்தாது.