அகதிகளுக்காக மாதாமாதம் பணம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: புதுச்சேரி காந்தி சிலைப் பக்கம் நடக்கப் போனபோது, அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், அகதிகளுக்கு உதவும் சர்வதேசத் தொண்டு நிறுவனம் என்று சொல்லி, மாதம் 800 ரூபாயை என் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளக் கையெழுத்துக் கேட்டார். நம்பலாமா ஐயா? பணத்துக்குப் பதில் நல்ல துணிமணி கொடுத்தால் ஆகாதா?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, முத்தியால்பேட்டை

பதில்: துணியை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிவாரண வேலையில் இருந்தேன். லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. அந்தக் கடற்கரைக்குக் கம்பளி ஸ்வெட்டர்கூட வந்தது. மீனவப் பெண்கள் எங்களிடம் கேட்டதோ உள்பாவாடையும், சோறு வடிக்க ஒரு அலுமினியக் குண்டானும். மூட்டைகள் சாலையோரம் மண்ணில் கிடந்தன, அவற்றை அள்ளவே தனியாக ஆள் போட்டோம். அனுப்பியவர்கள் மனசில் குறையே இல்லை. ஆனால் என்ன தேவை என்பது பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

அதனால் பணமே நல்லது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் தரும் தார்ப்பாய் 4 மீட்டருக்கு 5 மீட்டர், அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு முதல் சில நாட்கள் அதுதான் கூரை. பல இடங்களில் இப்போது பொருளுக்குப் பதில் பணமாகவே கொடுக்கிறார்கள். வாடகையா, மருந்தா என்று அந்த வீட்டுக்காரர்களே முடிவு செய்கிறார்கள். 2024 முடிவில் உலகம் முழுக்க வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டவே இல்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். செய்தியில் வராத இந்த மக்களுக்கு, மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகைதான் கைகொடுக்கும்.

சரி, கையெழுத்து. தெருவில் நின்றபடி போடாதீர்கள். துண்டறிக்கையை வாங்கி வீட்டுக்கு வாருங்கள். அந்த நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களாகத் திறந்து, அதிலுள்ள எண்ணுக்குப் பேசி, புதுச்சேரியில் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இப்படி நிற்பவர்கள் ஏஜென்சி ஆட்களாகவும் இருக்கலாம், அது தப்பில்லை. ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம். இந்தியாவில் பதிவான, 80ஜி சலுகை பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் வரிக்கழிவு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. நிறுத்த நினைத்தால் வங்கியில் எழுதிக் கொடுத்து ஆட்டோ டெபிட்டை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

அப்புறம் ஒன்று. குறிஞ்சிப்பாடியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில். இம்மக்களுக்காக 1984 முதல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் வேலை செய்கிறது. முகாமுக்குள் போக அனுமதி வேண்டும், கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 800 ரூபாயோடு, வாரத்தில் ஒரு மாலை பத்தாம் வகுப்புக் கணக்கும் உங்களால் கொடுக்க முடியும் அம்மா.