ஆங்கில இலக்கண வகுப்பில் விளையாட்டு: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இலக்கணத்தை விளையாட வைத்து நடத்துவது பற்றி சக ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை இவை.

கேள்வி: பரமபதம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இலக்கணக் கேள்வி வைத்தேன் மேடம். பிள்ளைகள் குஷியாக ஆடினார்கள். தேர்வில் பார்த்தால் அதே தவறுகள். ஏன்?

பதில்: அந்த ஆட்டத்தில் ஜெயிக்க வைப்பது தாயம்தான் சார். கேள்விகளை எடுத்துவிட்டாலும் ஆட்டம் நடக்கும். குறிப்பிட்ட வாக்கிய அமைப்பைப் பேசாமல் ஆட்டமே நகரக் கூடாது. நான் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான்.

பாஸ்ட் கன்டினியூவஸுக்கு (அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் வினை வடிவம்) 'அலிபி' ஆடிப் பாருங்கள். குற்றம் நடந்தபோது வேறு இடத்தில் இருந்தேன் என்று சொல்வதுதான் அலிபி. நேற்று இரவு 8 மணிக்குப் பள்ளிக் கம்ப்யூட்டர் திருட்டுப் போய்விட்டது. சந்தேகத்துக்குரிய இரண்டு பேர் வெளியே போய், அந்த நேரத்தில் ஒன்றாக இருந்ததாகக் கதை கட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் வகுப்பு கேள்விகளைத் தயார் செய்யும். அப்புறம் ஒவ்வொருவராக அழைத்து விசாரணை. "வாட் வேர் யூ ஈட்டிங்?" "ஹூ வாஸ் சிட்டிங் நெக்ஸ்ட் டு யூ?" ஒருவன் தோசை என்பான், மற்றவன் பரோட்டா என்பான், மாட்டிக்கொள்வார்கள்! 'வாஸ்', 'வேர்' இல்லாமல் அங்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது.

கேள்வி: ஸ்மார்ட் போர்டு இல்லை, பிள்ளைகளிடம் போனும் இல்லை. பிள்ளைகள் போனில் பதில் அழுத்தும் கஹூட் வினாடி வினா எல்லாம் எப்படி நடத்துவது?

பதில்: 'பிளிக்கர்ஸ்' செயலிக்கு ஆசிரியரின் ஒரு போன் போதும். பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டை இருக்கும். எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் ஏ, பி, சி அல்லது டி. போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்று பார்த்தால் யாருடைய பதில் என்ன என்று தெரிந்துவிடும். படித்ததைச் சோதிக்க நல்லது. பேச வைக்க இது உதவாது.

கேள்வி: 48 பிள்ளைகள். சத்தம் கேட்டு ஹெச்.எம். வந்து நிற்கிறார்.

பதில்: வாக்கிய ஏலம் வையுங்கள். ஆறாறு பேராகக் குழு, ஒவ்வொரு குழுவுக்கும் 1000 ரூபாய் விளையாட்டுப் பணம். பலகையில் சரியும் தவறுமாகப் பத்து வாக்கியங்கள்: "ஹி டிடின்ட் வென்ட்", "ஷீ இஸ் ஆன் ஹானஸ்ட் கேர்ள்" மாதிரி. சரியான வாக்கியங்களை அதிகம் வாங்கிய குழுவுக்கு வெற்றி. பக்கத்துக் குழுவுக்குக் கேட்டுவிடுமே என்று கிசுகிசுத்துத்தான் பேசுவார்கள். தவறான வாக்கியத்தை வாங்கியவர்கள் அதைத் திருத்திச் சொன்னால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். தோற்கும் குழுவும் கடைசிவரை கவனிக்க அதுதான் வழி. ஒரு நாள் ஹெச்.எம்.மையே ஏலம் விடச் சொல்லுங்களேன்.

கேள்வி: நடுவில் தப்பாகப் பேசினால் உடனே திருத்தலாமா?

பதில்: வேண்டாம், வாயை மூடிக்கொள்வார்கள். நோட்டில் குறித்து வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். வகுப்பே திருத்தட்டும்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருஷத்தில் விளையாட்டு தேவையா மேடம்?

பதில்: உங்கள் கவலை நியாயம்தான். தேர்வு எழுத்தில்தானே! அதனால் ஆடியதை எழுத வைக்காமல் நான் விடுவதில்லை. அலிபி விசாரணை முடிந்ததும் அதையே ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில், அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் முறையில், எழுதச் சொல்வேன்: "ஹி செட் தட் ஹி ஹேட் பீன் ஈட்டிங் தோசை." உங்கள் மகளின் நோட்டில் அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவருடைய ஆசிரியரிடம் தாராளமாகக் கேளுங்கள்.