உள்ளே போட்டு அடக்குவது

கேள்வி: எங்கள் கம்பெனியில் ‘உள்ளடக்கிய, திறன்மிக்க, நல்ல தலைமையுள்ள நவீன பணியிடம்’ என்று இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வெளிநாட்டுச் சரக்கெல்லாம் நம்மவர்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு ஒத்துவருமா? - வாசகி ஒருவர், செந்தூல்.

பதில்: முதலில் அந்த ‘உள்ளடக்கிய’ விவகாரம். பத்திரிகைக்காரனுக்கு உள்ளடக்கம் என்றால் மூன்றாம் பக்கத்தில் போடுகிற பட்டியல், அவ்வளவுதான். மற்றபடி தமிழில் இந்த ‘அடக்கு’ நல்ல காரியத்துக்கு அதிகம் வந்ததில்லை. காளையை அடக்குவார்கள். வாயை அடக்கச் சொல்வார்கள். கடைசியில் நல்லடக்கம் செய்வார்கள். ஊழியரை உள்ளே போட்டு அடக்குவதுதான் நவீனம் என்றால், நம் முதலாளிகள் அதைப் பயிலரங்கே இல்லாமல் பல காலமாகச் செய்துவருகிறார்கள். ‘எல்லாருக்கும் இடமுள்ள’ என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா என்று இதே பக்கத்தில் ஒருமுறை கேட்டேன். பினாங்கில் இருக்கும் ஒரு கலைச்சொல் அன்பர் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நாலு வருடம் ஆகிறது. இன்று ஐந்தாவது வருடத்தைத் தொடங்கிவைக்கிறேன்.

பயிலரங்குக்கு நான் விரோதி இல்லை. மலேசியாவில் 10 உள்ளூர் ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால், பெரும்பாலான துறைகளில் முதலாளி மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டவேண்டும். பயிற்சி கொடுத்தால் அந்தப் பணத்தைக் கோரலாம். கட்டிய காசை விடுவானேன்? அதனால் ஹோட்டல், பஃபே, பழைய பேப்பரைச் சுருட்டிக் கோபுரம் கட்டும் போட்டி. உங்கள் செந்தூல் ரயில்வே பட்டறையில் எந்த ஃபிட்டரும் பேப்பர் கோபுரம் கட்டித் தொழில் பழகியதாகத் தெரியவில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கி, ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகினார்கள். திட்டைக் கழித்துவிட்டால் அதைவிட நல்ல பயிற்சி இன்றைக்கும் கிடையாது.

தலைமை என்றதும் எனக்குத் தலைக்காசு ஞாபகம் வருகிறது. ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வேலையாள் எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ, அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு. கண்காணிதான் கங்காணி ஆனது; பெயரிலேயே வேலை விவரம் இருக்கிறது. இப்போது அவர் கையில் வாட்ஸாப் குரூப். ‘எங்கே இருக்கிறாய், லொக்கேஷன் அனுப்பு’ என்கிறார். இவருக்கு டீம் லீடர் என்று அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி. பெண்களிடம் வாலாட்டாதே. கொடுமைக்கார மேலாட்களை மாற்று. கூட்டம் போட, பேச உரிமை கொடு. இன்னொன்று: துரைமாரையும் தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கமாட்டோம். உங்கள் பயிற்சியாளர் இரண்டு நாள் படம் போட்டுக் காட்டியதில் இந்தப் பட்டியலில் இல்லாதது எது, சொல்லுங்கள். பால்மரம் வெட்டியவர்கள் பஃபே சாப்பிடாமலே கேட்டது இது. பதிலுக்குப் பட்டாளம் வந்தது, சுட்டதில் ஆட்கள் செத்தார்கள், முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கிராணி நம்மவர்தான் என்பதையும் கவனியுங்கள். ‘நம்மவர் கம்பெனிக்கு ஒத்துவருமா’ என்ற உங்கள் கேள்வியை அந்தச் சைக்கிள்காரர்கள் அப்போதே கேட்டுவிட்டார்கள்.

ஊரை இவ்வளவு பேசிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்கள் அலுவலகம் கடைவீட்டின் இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மெய்ப்புப் பார்க்கும் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. “தம்பி, படி ஏற முடியலை, வீட்டிலிருந்தே பார்த்துத் தரட்டுமா?” என்று போனில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி, நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் எழுதிக்கொடுத்தால் முதலாளி 60 நாளில் எழுத்தில் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். அண்ணன் எழுதிக்கொடுக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். நான் யோசித்தது மூன்று மாதம். அதுவரை அவர் ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று வந்தார். சத்தம் மேலே என் மேசைவரை கேட்கும்.

கடைசியில் வழி சொன்னது பக்கம் கட்டும் பெண். “சார், அவர் ஏன் மேலே வரணும்? நாம கீழே போவோமே.” இப்போது அண்ணன் வீட்டிலிருந்தே சிவப்பு மையில் திருத்திப் படமெடுத்து அனுப்புகிறார். வியாழக்கிழமைக் கூட்டம் மட்டும் கீழே ஒட்டுக்கடையில் நடக்கிறது. போன வாரம் இந்தப் பதிலை அங்கேதான் படித்துப் பார்த்தார். தே தாரிக் கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு ‘உள்ளடக்கிய’வைச் சுற்றி வட்டம் போட்டார்.

“இது தப்பில்லையே தம்பி, பினாங்குக்காரர் சொல்றதுதான் சரி” என்றார்.