"டேபிளை ஃபைலா மாத்துற வேலை"க்கு எதிர்காலம் இருக்கான்னு கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு வேலைல சேர்ந்து, டேட்டாபேஸ்ல இருக்கற டேபிளை எல்லாம் வேற ஃபார்மட்டுக்கு மாத்தி வெளி சிஸ்டம்ல கொண்டுபோய் வைக்கறதுதான் வேலைன்னு சொல்றா, இது டேட்டா என்ட்ரி மாதிரி ஏதோ குமாஸ்தா வேலையா, நாளைக்கே ஏஐ வந்து பிடுங்கிக்குமான்னு கேட்டிருக்கீங்க. பயம் புரியுது. ஆனா அவ செய்யறது டேட்டா என்ட்ரி இல்லம்மா, அதை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க.

ஒரு கம்பெனியோட டேட்டா ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் மாதிரி ஏதாவது ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல இருக்கும். பத்து வருஷ பழைய கணக்கை எல்லாம் அதுலயே வெச்சா சிஸ்டம் ஸ்லோ ஆகும், செலவும் ஏறும், அதனால அதை ஃபைலா மாத்தி கிளவுட் ஸ்டோரேஜ்ல போடுவாங்க, இல்ல ரிப்போர்ட் எடுக்கற இன்னொரு சிஸ்டத்துக்கு அனுப்புவாங்க. பேங்க், இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல பழைய ரெக்கார்டை பல வருஷம் வெச்சே ஆகணும், தூக்கிப்போட முடியாது. அதனால இந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கிட்டேதான் இருக்கும்.

மாத்தறதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. பட்டனை அழுத்தினா மாறிடும், வாஸ்தவம்தான். மாறினதுக்கு அப்புறமும் டேட்டாவோட அர்த்தம் மாறாம இருக்கான்னு பாக்கறதுதான் உண்மையான வேலை. சிஎஸ்வி ஃபைலை எடுத்துக்கோங்க, கமா போட்டுப் பிரிச்சு வரிவரியா எழுதின சாதாரண ஃபைல் அது, அதுல எது நம்பர் எது தேதி எது எழுத்துன்னு எந்தக் குறிப்பும் கிடையாது, எல்லாமே வெறும் எழுத்துதான். 007-ன்னு இருந்த கோட் நம்பரை எக்ஸல்ல திறந்தா 7 ஆயிடும், 16 இலக்க அக்கவுண்ட் நம்பர்ல கடைசி இலக்கம் 0 ஆயிடும், ஏன்னா எக்ஸல் 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வெச்சுக்கும். 01/02/2023-ன்னு இருந்தா அது ஜனவரி 2-ஆ பிப்ரவரி 1-ஆ? ஃபைலைப் பாத்து யாராலும் சொல்ல முடியாது, அந்த டேபிளை உருவாக்கின ஆளைத் தேடிப் பிடிச்சுத்தான் கேக்கணும்.

காலியா இருக்கற கட்டத்துல கூட வில்லங்கம் இருக்கு. "மதிப்பே தெரியாது" வேற, "வெற்று எழுத்து" வேற. ஆரக்கிள் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும், போஸ்ட்கிரஸ்ங்கற இன்னொரு டேட்டாபேஸ் தனித்தனியா பாக்கும். மைஎஸ்க்யூஎல்ல டைனிஇன்ட்(1)-னு சின்ன நம்பர் வெக்கற ஒரு நெடுவரிசை (column) இருந்தா, ஜாவா ப்ரோக்ராமை அதோட இணைக்கற கனெக்டர், நாம எதுவும் மாத்தாம விட்டாலே அதை ஆமா/இல்லைன்னு எடுத்துக்கும், அதுல 2, 3-ன்னு போட்டு வெச்சிருந்தா எல்லாம் "ஆமா" ஆயிடும். எரரே வராது. அதான் இதுல கொடுமை, எரர் வந்தா யாராவது சரி பண்ணிடுவாங்க, வராம தப்பா போறதைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேணும்.

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2020 செப்டம்பர் கடைசியில இங்கிலாந்துல கொரோனா டெஸ்ட் ரிசல்ட் சிஎஸ்வியா வந்ததை பழைய எக்ஸல் ஃபார்மட்டுக்கு மாத்தினாங்க, அந்த ஃபார்மட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் இடம், மீதி சத்தமில்லாம கழண்டு போச்சு. 15,841 பாசிட்டிவ் கேஸ் கணக்குல வராம விட்டுப்போய், அவங்களோட பழகினவங்களை தேடிப் பிடிக்கறதும் தாமதமாச்சு. உங்க பொண்ணோட வேலை முக்கியமான்னு யாராவது கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க.

இப்ப ஏஐ விஷயம். மாத்தற ஸ்கிரிப்டை ஏஐ எழுதும், இப்பவே நல்லா எழுதுது, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால "எனக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரியும்"ங்கறதை மட்டும் வெச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ஆனா அந்தத் தேதி எந்த நாட்டு முறைன்னு போய்க் கேக்கறது, பணத்தை ஃப்ளோட்ங்கற தோராய நம்பர் டைப்ல வெச்சா பைசா கணக்கு இடிக்கும், டெசிமல்ங்கற துல்லியமான டைப்லதான் வெக்கணும்னு அடம்பிடிக்கறது, கஸ்டமர் பேரும் போன் நம்பரும் மறைக்காம வெளி சிஸ்டத்துக்குப் போகக்கூடாதுன்னு நிறுத்தறது, அதுக்கெல்லாம் பொறுப்பேத்துக்கற ஒரு மனுஷன் வேணும். வீடு மாத்தும்போது சாமான் தூக்க ஆள் ஈஸியா கிடைப்பாங்க, எல்லாம் வந்து சேந்துச்சா எது உடைஞ்சுதுன்னு லிஸ்ட் வெச்சு சரிபாக்கறவங்கதான் கிடைக்க மாட்டாங்க, அவ அந்த ரெண்டாவது ஆளா ஆகணும்.

பொண்ணுகிட்ட இதைக் காட்டுங்க, இனிமே அவளுக்குத்தான் சொல்றேன். டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழியான எஸ்க்யூஎல்லை ஆழமா படிம்மா, ஜாயின், குரூப் பை மாதிரி அடிப்படையோட போதும்னு நிறுத்திக்காதே. பார்க்கே, ஆவ்ரோங்கற ரெண்டு ஃபைல் ஃபார்மட்டும் எதுக்குன்னு காரணத்தோட தெரிஞ்சுக்கோ. பார்க்கே 2013-ல ட்விட்டரும் கிளவுடெராவும் சேந்து கொண்டுவந்தது, நெடுவரிசை நெடுவரிசையா சேத்து வெக்கும், அதனால நூறு நெடுவரிசை இருக்கற டேபிள்ல மூணை மட்டும் படிக்கணும்னா வேகமா படிக்கலாம், நல்லா சுருங்கவும் செய்யும், டைப் விவரமும் ஃபைலுக்குள்ளயே இருக்கும். ஆவ்ரோ வரிவரியா வெக்கும், ஒவ்வொரு ரெக்கார்டா அனுப்பறதுக்கு அது தோது. இன்டர்வியூல "ஏன் சிஎஸ்வி வேண்டாம்"னு கேட்டா இந்தக் காரணங்களைச் சொல்லத் தெரியணும்.

அப்புறம் சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணு. யாரும் எடுத்துக்கலாம்னு திறந்து வெச்சிருக்கற ஒரு டேட்டாவை போஸ்ட்கிரஸ்ல ஏத்து, டக்டிபிங்கற சின்ன டேட்டாபேஸ் டூலை வெச்சு பார்க்கேவா மாத்து, அதைத் திரும்ப இன்னொரு டேட்டாபேஸ்ல ஏத்து. வரி எண்ணிக்கை, தொகை இருக்கற நெடுவரிசையோட கூட்டல், காலியா இருக்கற கட்டம் எத்தனை, குறைஞ்ச தேதி கூடின தேதி, இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு பாத்து எழுதி வை. தமிழ்ப் பேரும் எமோஜியும் கலந்த டேட்டாவா எடுத்தா இன்னும் நல்லது, என்கோடிங், அதாவது எழுத்தை கம்ப்யூட்டர் சேமிக்கற முறை, எங்க உடையுதுன்னு கையோட தெரிஞ்சுடும். மைஎஸ்க்யூஎல்ல சும்மா யூடிஎஃப்8-னு போட்டா பெரும்பாலும் எமோஜி ஏறாது, யூடிஎஃப்8எம்பி4 போடணும், அதெல்லாம் பண்ணிப் பாத்தாத்தான் மண்டைல நிக்கும்.

திரும்ப உங்களுக்கு அம்மா. கவலைப்பட வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் ஆகியும் ஒரே டூல்ல ஒரே பட்டனை அழுத்திட்டு, டேபிள்ல என்ன இருக்குன்னே தெரியாம இருந்தான்னா டீம் மாறச் சொல்லுங்க, தேவைப்பட்டா கம்பெனியே மாறச் சொல்லுங்க. மத்தபடி இதுல இருந்து ஈடிஎல் (டேட்டாவை எடுத்து, மாத்தி, ஏத்தற வேலை) டெவலப்பர், டேட்டா இன்ஜினியர்னு நேரா வழி போகுது.

கோர்ஸ்ல சேக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி சிலபஸை வாங்கிப் பாருங்க. டேட்டாபேஸ்ல இருந்து டேட்டா எடுக்கறதுக்கு ஸ்கூப்ங்கற பழைய டூல் மட்டும்தான் சொல்லிக்குடுக்கறாங்கன்னா வேண்டாம், அந்த டூலை 2021-லயே அதை நடத்தின அப்பாச்சி அமைப்புல ஓய்வு குடுத்து ஓரமா வெச்சுட்டாங்க.