மகள் பி.ஏ. தமிழ் படிக்கலாமா?

பிளஸ் டூவில் 600-க்கு 521 வாங்கிய மகள், பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். சங்க இலக்கியம் சோறு போடுமா என்கிறார்களாம் உறவினர்கள். தெரிந்த தரகர் ஒருவர், "இப்போது பி.எஸ்சி. சேரட்டும், அப்புறம் தபாலில் எம்.ஏ. தமிழ் முடித்துத் தருகிறேன்" என்கிறாராம். எது சரி என்று கேட்டிருக்கிறார் ஒரு அப்பா.

சேர்த்துவிடுங்கள் ஐயா. தரகரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர் ஆக வேண்டுமென்றால் இளங்கலை, முதுகலை இரண்டுமே தமிழாக இருக்க வேண்டும், கூடவே பி.எட். வேண்டும். பி.எஸ்சி.க்கு மேல் எம்.ஏ. தமிழ் படித்தால் அந்தக் கதவு மூடிவிடும். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலை மட்டும் வேறு, அங்கே எம்.ஏ.வில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும்தான் பார்ப்பார்கள், இளங்கலை எதுவென்று பெரும்பாலும் கேட்பதில்லை. இந்த ஒன்றைக் காட்டித்தான் தரகர்கள் எல்லா வேலைக்கும் அப்படியே என்று பேசுகிறார்கள். கல்லூரிக்குத்தான் அது, பள்ளிக்கு இல்லை. ஐந்து வருடம் படித்து முடித்துவிட்டு, அறிவிக்கையில் அந்த ஒற்றை வரியைப் பார்த்து என் முன்னால் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் உண்டு. இதைப் பிளஸ் டூ வகுப்பிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்ல ஒரு ஏற்பாடு இல்லை, அதுதான் எரிச்சல்.

"வகுப்புக்கே வராமல் பி.எட்." என்று பணம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். ரசீது வெள்ளைத் தாளில்தான் வரும், அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் கிடக்கும்.

சோறு மட்டுமா? கீழடியில் ஒரு பானை ஓட்டில் ஆதன் என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது வெறும் கீறல். சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து படித்த பெண்ணுக்கு அதில் வரும் அரசன் நெடுஞ்சேரலாதன் நினைவுக்கு வருவான், சேரலாதனைச் சேரல், ஆதன் என்று பிரிக்கத் தெரியும், அரசன் பெயரில் இருக்கும் ஆதன் இங்கே யாரோ ஒருவரின் பானையிலும் இருக்கிறானே என்று யோசிப்பாள். கல்வெட்டு, சுவடி, அகராதி வேலைகளுக்கு இந்தக் கண்தான் வேண்டும். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்விலும் 200 கேள்விகளில் 100 தமிழ்தான்.

அரசுக் கலைக் கல்லூரிக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள், ஆள் வேண்டாம். பி.ஏ. தமிழுக்குத் தரவரிசை போடுவது தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்து. 521 என்று எழுதியிருக்கிறீர்கள், தமிழில் எவ்வளவு என்று எழுதவில்லையே. முதலில் அதைப் பாருங்கள்.