46எம் லீவரை மூட முடியல, மணிக்கட்டு போகுது, என்ன பண்றது?

ஒரு டீச்சரம்மா கேட்டிருக்காங்க. வயசு 48, போன வருஷம்தான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஆரம்பிச்சாங்களாம். கையில இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ரஷ்யா பைக்கால் 46எம். முதல் இருபது ஷாட் வரைக்கும் பிரச்சனை இல்ல, முப்பது தாண்டினா லீவரை மூடவே முடியல, மணிக்கட்டு விண்ணு விண்ணுனு தெறிக்குது, பிஸ்டல்ல கோளாறா இல்ல எனக்கு வயசாயிடுச்சான்னு கேக்கறாங்க.

ரெண்டுமே இல்லன்னுதான் எனக்கு தோணுது மேடம், ஆனா முதல்ல ஒரு சின்ன செக் பண்ணிடுவோம்.

46எம்ல பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ள ஸ்பிரிங் கிடையாது, பேரலுக்கு கீழ இருக்கற லீவரை ஒரே ஒரு தடவை திறந்து மூடினா உள்ள இருக்கற காத்து அமுங்கி நிக்கும், அந்த காத்துதான் தள்ளுது. திறக்கறப்போ காத்தை உள்ள இழுக்குது, மூடறப்போ அமுக்குது. சைக்கிள் பம்போட முனைய விரலால அடைச்சுக்கிட்டு அமுக்கி பாருங்க, பாதி வரைக்கும் லேசா போகும், கடைசி ரெண்டு இஞ்ச்ல கல்லு மாதிரி நிக்கும், அதே கதைதான் இங்கயும். அதனால கடைசி பாகத்துல மட்டும் கஷ்டமா இருந்தா காத்தை வெளிய விடாம அடைக்கற ரப்பர் சீல் நல்லா பிடிக்குதுன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்க. உண்மையில பயப்பட வேண்டியது லீவர் திடீர்னு லேசா ஆனாத்தான், அப்போ காத்து எங்கயோ லீக் ஆகுது.

திறக்கறப்பவே இறுக்கமா இருக்கா, இல்ல நறநறன்னு மணல் அரைக்கற மாதிரி இருக்கா? அப்படின்னா அது காத்தோட வேலை இல்ல, லீவர் சுத்தற பின் காஞ்சு போயிருக்கு. பழைய கிரீஸை துணியால துடைச்சுட்டு மாலி (மாலிப்டினம்) கிரீஸ் ஒரு கடுகளவு வைங்க போதும். உள்ள இருக்கற ஓ-ரிங்குக்கு, அதாவது ரப்பர் வளையத்துக்கு, சிலிகான் ஆயில் ஒரே ஒரு சொட்டு. வீட்டுல இருக்குன்னு தேங்காண்ணெய், தையல் மெஷின் ஆயில் எல்லாம் விடாதீங்க, ரப்பருக்கு ஆகாது, தூசியையும் சேத்து ஒரு பிசினாக்கி வச்சுடும். இப்படி ஒரு பிஸ்டலை பிரிச்சு நானே சுத்தம் பண்ணிருக்கேன், பழைய பஜ்ஜி எண்ணெய் நாத்தம்.

இதெல்லாம் சரியா இருந்தும் கஷ்டமா இருக்குன்னா, நீங்க மூடற விதத்துலதான் விஷயம் இருக்கு. நான் பாத்த வரைக்கும் பத்துல எட்டு பேர் கையை முன்னாடி நீட்டி வச்சுக்கிட்டு விரல் பலத்துல லீவரை இழுக்கறாங்க. சுமார் 1.3 கிலோ பிஸ்டலை நீட்டின கையில தாங்கிக்கிட்டே அமுக்கினா மணிக்கட்டு என்ன ஆகும்? இப்படி பண்ணிப் பாருங்க: டார்கெட்டை நேரா பாத்து நில்லுங்க, பிஸ்டலை தொப்புள் உயரத்துக்கு இறக்குங்க, மசில், அதாவது பேரல் முனை, டார்கெட் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகர்ல இருக்கவே கூடாது. ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டியிருக்கணும். இடது உள்ளங்கையோட அடிப்பாகம், அதாவது சப்பாத்தி மாவு பிசையறப்போ அழுத்துவோமே அந்த இடம், அதை லீவரோட நுனியில வைங்க, நடுவுல பிடிச்சா வீணா ரெட்டிப்பு பலம் போகும். இப்போ வலது கை பிடியை கீழ அழுத்தணும், இடது கை லீவரை மேல தள்ளணும், ரெண்டும் ஒரே நேரத்துல, மூச்சை விட்டுக்கிட்டே. பலம் தோள்லயும் நெஞ்சுலயும் இருந்து வரும், மணிக்கட்டு நேரா சும்மா நிக்கும். நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா திரும்ப தள்றது இன்னும் கஷ்டம், அதுவும் பாதியில கை நழுவினா லீவர் திருப்பி அடிக்கும், விரல் நசுங்கும்.

கஷ்டமா இருக்கேன்னு லீவரை முக்கால்வாசி மட்டும் திறந்து மூடறவங்களும் இருக்காங்க. காத்து முழுசா உள்ள வராது, ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறும், அப்புறம் சைட்டை (குறி பாக்கற பாகத்தை) திருகிக்கிட்டே உக்காந்திருக்கணும்.

லீவர் நுனியில ரப்பர் உறையோ, சைக்கிள் ஹேண்டில் கிரிப் துண்டோ மாட்டிக்கிட்டா உள்ளங்கை நோவாது. மேட்ச்ல மட்டும் ஜாக்கிரதை, மாட்டினதோட சேத்து பிஸ்டல் 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள்ள அடங்கணும், எடை 1500 கிராம் தாண்டக்கூடாது, சந்தேகம்னா எக்விப்மென்ட் செக்லயே காட்டிடுங்க. நீளமான பைப்பை சொருகி நெம்புகோல் ஆக்கறது மட்டும் வேண்டாம். நான் ஒரு தடவை அந்த புத்திசாலித்தனத்தை பண்ணி பின்னை வளைச்சுட்டேன், லீவர் ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு, புது பின்னை லேத்துல கடைஞ்சு வாங்க மூணு வாரம் ஆச்சு.

இன்னொன்னு, எண்ணிக்கை. பெண்களுக்கு முன்னாடி 40 ஷாட்தான், 2018ல இருந்து ஆண்களுக்கு சமமா 60. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கணக்குல சேராம சுட்டுப் பாக்கற சைட்டரையும் சேத்தா எண்பது தடவை லீவர் அடிக்கணும். நேரம் 75 நிமிஷம், அதாவது ஒரு ஷாட்டுக்கு ஒண்ணேகால் நிமிஷம் இருக்கு, ஆனா நம்மாளுங்க மூடின வேகத்துலயே கையை தூக்கிடுவாங்க, நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஃபோர்சைட் (பேரல் முனையில இருக்கற குறி) ஆடும். மூடிட்டு பிஸ்டலை டேபிள்ல தாங்கி வச்சு நாலு மூச்சு விடுங்க, பெல்லட்டை நிதானமா போடுங்க, அப்புறம் தூக்குங்க. அதுக்காக காத்தை அடைச்சபடியே டீ குடிக்க போயிடாதீங்க, சீலுக்கு ஆகாது.

ப்ராக்டிஸ்லயும் எல்லா ஷாட்டையும் காத்தடிச்சு சுடணும்னு இல்ல. 46எம்ல லீவரை தொடாம ப்ரீச்சை, அதாவது பெல்லட் போட திறக்கற பின்பக்க மூடியை, மட்டும் தூக்கி மூடினா ட்ரிகர் செட் ஆயிடும், வெறும் சுவரை பாத்து காத்தும் பெல்லட்டும் இல்லாம ட்ரிகரை மட்டும் இழுத்து ட்ரை ஃபயர் பண்ணலாம். பாதி ப்ராக்டிஸை இப்படி மாத்தினா மணிக்கட்டு ஆறும், ட்ரிகர் விரலும் சீக்கிரம் திருந்தும்.

பிஸ்டலையே மாத்தலாமான்னும் கேட்டிருக்கீங்க. ஸ்டெய்ர், மொரினி, பார்டினி மாதிரி சிலிண்டர் வச்ச பிஸ்டல்ல 200 பார் அழுத்தத்துல காத்து முன்னாடியே அடைச்சிருக்கும், ஒரு குட்டி லீவரை விரலால தட்டினா போதும். விலைதான் இடிக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா சிலிண்டர் மேல பொறிச்ச தேதியை பாருங்க, பத்து வருஷம் தாண்டினதை தொடாதீங்க. அதுக்கு காத்து அடைக்க கிளப்ல ஸ்கூபா டேங்க் இருக்கான்னும் கேட்டுக்கோங்க, இல்லன்னா கைப்பம்புல 200 பார் ஏத்தணும், அதுக்கு இந்த 46எம் லீவரே தேவலாம்னு ஆயிடும்.

மூட்டு வீங்கியிருந்தாலோ, கட்டைவிரல் பக்கம் ராத்திரியும் வலிச்சாலோ ரெண்டு வாரம் பிஸ்டலை தொடாம டாக்டரை பாருங்க. இல்லன்னா இன்னைக்கே லீவரை மெதுவா திறந்து அந்த நறநற சத்தம் வருதா இல்லையான்னு மட்டும் பாத்து எழுதுங்க, மீதியை அப்புறம் சொல்றேன்.