வாகனக் கேள்வி-பதில்: முதல் 60 அடி

கேள்வி (பரந்தன் வாசகர் ஒருவர்): அண்ணா, என்னுடையது மிட்சுபிஷி லான்சர் சிகே2, 1,500 சிசி, மனுவல் கியர். போன மாதம் முதன்முறையாக ட்ராக் (drag) போட்டி, அதாவது நேர்ப்பாதையில் இரண்டு இரண்டு வாகனமாக ஓடும் வேகப் போட்டி ஒன்றில் ஓடினேன். மூன்று ஓட்டம் கிடைத்தது. முதலாவதில் முன் ரயர் இரண்டும் நின்ற இடத்திலேயே புகைவிட்டுச் சுற்றியது. இரண்டாவதில் பயந்து மெதுவாக விட, எஞ்சின் அமுங்கிக் கிட்டத்தட்ட நின்றே விட்டது. மூன்றாவதில் வாகனம் முன்பக்கம் குதி குதியென்று குதித்தது. பக்கத்துப் பாதையில் நின்றது என்னுடையதைவிடச் சின்ன எஞ்சின், அது எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றில்) கிளச்சை விட வேண்டும்? ஒரு எண் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, எண் சொல்கிறேன். ஆனால் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த முறையும் இதே மூன்று ஓட்டம்தான் ஓடுவீர்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உங்களுக்கு நடந்த மூன்றுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். வாகனத்தைத் தள்ளுவது எஞ்சின் என்று நினைக்கிறோம், உண்மையில் தள்ளுவது ரயரும் தரையும் தொடுகிற உள்ளங்கை அளவு இடம். அந்த இடம் தாங்கக்கூடிய விசைக்கு ஒரு எல்லை உண்டு. ரயர் தரையைவிட 10, 15 சதவீதம் கூடுதலாகச் சுற்றும்போதுதான் பிடி ஆகக் கூடுதலாக இருக்கும், அதற்கு மேலே சுற்றச் சுற்ற பிடி குறைந்துகொண்டே போகும். வயலில் ரக்டர் புதைந்ததைப் பார்த்திருப்பீர்கள்தானே. பதறிப்போய் முறுக்குகிறவர் சில்லை அச்சு வரைக்கும் தாழ்த்திவிடுவார், அனுபவப்பட்டவர் சின்னக் கியரில் போட்டு, கிளச்சை ஊட்டி ஊட்டி விட்டு, சில்லு வழுக்குகிற அந்த விளிம்பிலேயே வைத்து மெல்ல வெளியே கொண்டுவருவார். ஓடுபாதையில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான், இரண்டு செக்கனுக்குள் செய்ய வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் வாகனத்துக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. அது முன் சில்லால் இழுக்கிற வாகனம். நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னால் இருக்கும், நல்லது. ஆனால் முன்னோக்கிப் பாய்ந்தவுடன் எடை பின்னால் சாய்கிறது. புவியீர்ப்பில் 0.4 மடங்கு வேகவளர்ச்சி வந்தால் இந்த அளவு வாகனத்தில் 8 சதவீதம் அளவுக்குப் பின்னால் போய்விடும். அதாவது கூடுதலாகப் பிடிக்க வேண்டிய நேரத்தில் இழுக்கிற சில்லின் மேல் பாரம் குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நல்ல தார்த் தரையில் சாதாரண ரயருடன் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சமே 0.45 மடங்குக்குக் கிட்டத்தான். உங்கள் எஞ்சின் முதல் கியரில் அதைத் தாண்டித் தரும், முழுவதையும் கொடுத்தால் புகைதான் வரும். அந்தச் சின்ன எஞ்சின்காரர் தன் ரயர் தாங்கியதை முழுதாகப் பயன்படுத்தியிருப்பார், நீங்கள் உங்களுடையதில் பாதியைப் புகையாக்கிவிட்டீர்கள்.

சரி, இப்போது கிளச். இந்த வகை வாகனத்தில் முதல் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீற்றர் வேகம். நீங்கள் 3,000இல் புறப்பட்டால், கிளச் முழுதாகப் பிடிபட வாகனம் 22, 23 கிலோமீற்றர் வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். ரயர் தாங்குகிற வேகவளர்ச்சியில் அதற்கு ஏறக்குறைய ஒன்றரை செக்கன் எடுக்கும். இந்த ஒன்றரை செக்கனை யார் சமாளிப்பது? ஒன்றில் கிளச் வழுக்கிச் சமாளிக்க வேண்டும், அல்லது ரயர் வழுக்கிச் சமாளிக்கும், இரண்டுமே இல்லையென்றால் எஞ்சின் அமுங்கும். உங்கள் முதல் ஓட்டத்தில் ரயர், இரண்டாவதில் எஞ்சின். நாம் கேட்பது கிளச் வழுக்க வேண்டும், ரயர் கொஞ்சமாக மட்டும் வழுக்க வேண்டும் என்பது. ஆகவே கிளச்சை ‘விடுவது’ என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். வாய்க்காலில் மடையைத் திறக்கிற மாதிரி அளந்து திறக்கிற வேலை அது.

ஆசனத்தை வழக்கத்தைவிட ஒரு விரல் அளவு முன்னால் நகர்த்துங்கள். இடது குதிக்கால் தரையில் ஊன்றியிருக்க, கணுக்கால் அசைவால் மட்டும் பெடலை ஆட்டக்கூடியதாக இருக்க வேண்டும். முழுக் காலையும் தூக்கி விட்டால் நுணுக்கம் வராது, அது பஸ் ஓட்டுகிற கால். ஹாண்ட் பிறேக்கை இழுத்து வையுங்கள், அது பின் சில்லைத்தான் பிடிக்கும், உங்களுக்கு இழுப்பது முன் சில்லு, ஆகவே கோட்டில் வாகனம் உருளாமல் நிற்கும், வலது காலும் ஆக்சிலேற்றருக்கு முழுதாகக் கிடைக்கும். எஞ்சினை 2,500இல் ஆடாமல் நிறுத்துங்கள். கிளச்சை, பிடிக்கத் தொடங்குகிற இடத்துக்கு ஒரு மயிரிழை கீழே வைத்திருங்கள். பிடிக்கிற இடத்திலேயே வைத்துக் காத்திருக்க வேண்டாம், தட்டு வீணாகச் சூடாகும், வாகனமும் ஊர்ந்து, தொடக்கக் கோட்டில் நேரம் எண்ணுவதற்காகக் குறுக்கே விடும் ஒளிக்கதிரைத் தாண்டிவிடும்.

லைட் விழுந்ததும் ஹாண்ட் பிறேக்கை இறக்கிக்கொண்டே கிளச்சைச் சட்டென்று பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே நில்லுங்கள், வெளியே வந்துவிட வேண்டாம். ஆர்பிஎம் விழப் பார்க்கும், வலது கால் ஊட்டி அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், இடது கால் மெல்ல மெல்ல ஏற வேண்டும். ரயர் ‘கீச்’ என்று மெல்லியதாக முனகினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அலறினால் ஆக்சிலேற்றரைக் கால்வாசி தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம், கிளச்சைத் திரும்ப மிதிக்கவும் வேண்டாம். கிளச் முழுதாக வெளியே வந்த பிறகும் உடனே அடிவரை அமர்த்தாதீர்கள், ரயர் ஒத்துக்கொள்கிற அளவுக்குக் கால் போகட்டும்.

நீங்கள் கேட்ட எண் இதுதான்: 2,500இல் தொடங்குங்கள். அமுங்கினால் 250 கூட்டுங்கள், சுற்றினால் 250 குறையுங்கள். சாதாரண ரயரோடு 2,800க்கும் 3,500க்கும் இடையில் எங்கேயோ உங்கள் எண் நிற்கும். அது ரயருக்கு ரயர், தரைக்குத் தரை மாறும், காலையில் சரியாக வந்தது மத்தியான வெயிலில் வராமலும் போகும். ஒரு கொப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆர்பிஎம், ரயர்க் காற்று, முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 18.3 மீற்றர்தான் இந்த 60 அடி, ஆனால் இங்கே 0.1 செக்கன் மிச்சம் பிடித்தால் 402 மீற்றர் (கால் மைல்) ஓட்டத்தின் முடிவில் அது 0.15, 0.2 செக்கனாக வந்து சேரும். காசு கொடுத்து எஞ்சினில் அவ்வளவு எடுப்பது எத்தனை சிரமம் என்று கராஜ் வைத்திருக்கிற எனக்குத் தெரியும்.

மூன்றாவது ஓட்டத்தில் குதித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைக் கவனமாகக் கேளுங்கள். ரயர் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு அடிப்பதுதான் அந்தக் குதி. கிழிந்த எஞ்சின் மவுண்டும் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) தேய்ந்த லோவர் ஆர்ம் புஷ்ஷும் (முன் சில்லைப் பிடிக்கும் கையின் ரப்பர்) இருந்தால் சுலபமாக வரும், வன்னியின் கிரவல் றோட்டில் ஓடுகிற வாகனத்தில் இந்த இரண்டும் நல்லாக இருப்பதே அபூர்வம். குதிக்கத் தொடங்கினால் அந்த ஓட்டத்தை மறந்து காலை எடுத்துவிடுங்கள், பிடிவாதமாக அமர்த்தினால் முன் சில்லுக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜொயின்ட் போகும். ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள், சில்லு திரும்பி நிற்கும்போது பாய்ந்தால் அதே ஜொயின்ட்தான் முதலில் உடையும்.

ரயர்க் காற்றை முன்னால் 32இலிருந்து 27, 28 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள், பின்னால் இறக்க வேண்டாம். வீட்டுக்கு வெளிக்கிட முதல் திரும்ப அடித்துவிட வேண்டும், குறைந்த காற்றோடு ஏ9இல் வேகமாக வருவது ரயரைக் கொல்லும், உங்களையும் கொல்லும். போட்டியில் ரயர் நனைக்க வைத்திருக்கும் தண்ணீர்ப் பெட்டிக்குள் உங்கள் ரயரை இறக்காதீர்கள், அது வெட்டே இல்லாத வழுவழுப்பான போட்டி ரயர் (ஸ்லிக்) போட்டவர்களுக்கு உரியது. உங்களுடைய வெட்டுள்ள ரயர் தண்ணீரைக் கோடு வரைக்கும் சுமந்து வந்து கொட்டும். சுற்றிப்போய், காய்ந்த இடத்தில் ஒரு கணம் சுற்றவிட்டு நம்முடைய செம்மண் புழுதியை உதறினால் போதும்.

கேள்வி (வவுனியா): என்னிடம் பழைய கொரோலா கேஈ70. லான்சர் வைத்திருக்கும் நண்பன் சொன்ன மாதிரிச் செய்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் எஞ்சின் அமுங்குகிறது. ஏன்?

பதில்: உங்களுடையது பின் சில்லு தள்ளுகிற வாகனம். பாயும்போது எடை பின்னால் சாய்வது அவருக்குக் கெடுதி, உங்களுக்கு லாபம், ரயர் இன்னும் நன்றாகப் பிடிக்கும். 1,300 சிசி எஞ்சினால் அந்தப் பிடியை உடைக்க முடியாது, அதனால் எஞ்சின் தோற்று அமுங்குகிறது. அவருடைய எண்ணைவிட 1,000 அளவு கூட்டித் தொடங்குங்கள், கிளச்சையும் அவரைவிடச் சுறுசுறுப்பாக விடலாம். காற்று குறைப்பது உங்களுக்குப் பின்னால். ஹாண்ட் பிறேக் வித்தை உங்களுக்குப் பொருந்தாது, அது பிடிப்பது தள்ளுகிற அதே சில்லைத்தான், இறக்கக் கொஞ்சம் பிந்தினாலும் போச்சு.

கேள்வி (புதுக்குடியிருப்பு): லைட் விழுந்ததைப் பார்த்துத்தான் போகிறேன், ஆனாலும் பிந்துகிறேன். நேரம் குறைய என்ன செய்யலாம்? நாலாவது ஓட்டத்தில் கிளச் எரிந்த மணமும் வந்தது.

பதில்: இரண்டு நேரம் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். பச்சை விழுந்ததிலிருந்து உங்கள் சில்லு தொடக்கக் கோட்டு ஒளிக்கதிரை விட்டு நகரும் வரை ஒன்று, நகர்ந்ததிலிருந்து முடிவுக் கோடு வரை மற்றது. ஓட்ட நேரம் சில்லு நகர்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும், பிந்திப் புறப்பட்டாலும் அந்த எண் கெடாது. ஆனால் பக்கத்தில் நிற்பவரை வெல்ல வேண்டுமென்றால் முதலாவதும் வேண்டும். மஞ்சள் லைட்டுகள் அரை செக்கன் இடைவெளியில் ஒவ்வொன்றாக விழுகிற முறை என்றால் பச்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, கடைசி மஞ்சள் விழும்போதே கால் அசைய வேண்டும், நீங்களும் வாகனமும் அசைந்து முடிக்கப் பச்சை வந்திருக்கும். பழகாத ஆட்கள் முதலில் கிளச்சைப் பழகட்டும், அப்புறம் லைட்டைப் பார்க்கலாம்.

மணம் வந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுங்கள். அடுத்தடுத்து ஓடினால் தட்டு சூடேறி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கிப்போகும், பிறகு நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக விட்டாலும் பிடிக்காது. ஓட்டங்களுக்கிடையில் 15, 20 நிமிடம் விடுங்கள், அந்த நேரத்தில் காலைக் கிளச்சில் வைத்து அரைகுறையாக ஊர்ந்து வரிசையில் நகராதீர்கள், தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. கேபிள் கிளச் என்றால் பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தளர்வே இல்லையென்றால் மிதிக்காத நேரத்திலும் அது வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி (மாங்குளம்): முல்லைத்தீவு றோட்டு இரவு பத்து மணிக்குப் பிறகு வெறுமையாக இருக்கிறது, நேரான றோட்டு. நண்பர்களோடு அங்கே பழகலாமா?

பதில்: கூடாது தம்பி. அந்த றோட்டு வெறுமையாக இல்லை, உங்களுக்கு அப்படித் தெரிகிறது. இரவில் சூடான தாரில் மாடு படுத்திருக்கும், பின் லைட் இல்லாத ரக்டர் பெட்டி வரும், அறுவடை நேரத்தில் கரையில் நெல் காயும், நெல்லின் மேல் ரயர் ஏறினால் மணலைவிட மோசமாக வழுக்கும். சைக்கிளில் வேலை முடிந்து வருகிறவர் உங்கள் லைட்டைப் பார்த்து ஒதுங்குவதற்குள் நீங்கள் அவரிடம் வந்துவிடுவீர்கள். இது சட்டத்துக்கும் பொருந்தாது, ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, இந்த வீதிகளில் போனவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

புறப்பாட்டைப் பழக உங்களுக்கு றோட்டே தேவையில்லை என்பதை யோசித்தீர்களா? 60 அடி முடிவில் முதல் கியரில் 40, 45 கிலோமீற்றர் வேகம்தான் வரும். பிறேக் பிடித்து நிற்கிற தூரத்தையும் சேர்த்து 80 மீற்றர் நீளமான அடைத்த இடம் ஒன்று போதும். தெரிந்த அரிசி ஆலைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள், சிறுபோகம் முடிந்து களம் சும்மா கிடக்கிற நாளில், பகலில், வாசலை மூடிவிட்டு. 18 மீற்றரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள், ஒருவர் பக்கத்தில் தள்ளி நின்று ஃபோனில் படம் எடுக்கட்டும், அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சில்லு எங்கே சுற்றுகிறது என்று தெளிவாகத் தெரியும். சீமெந்துத் தரையும் தாரும் ஒன்றல்ல, அங்கே கிடைத்த ஆர்பிஎம் எண் போட்டிக்கு ஒத்துவராது, ஆனால் இடது காலுக்குக் கிடைத்த பழக்கம் அப்படியே வரும். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் பழைய விமான ஓடுபாதையில் மோட்டார்ப் போட்டி நடப்பதுண்டு, தூரம்தான், ஆனாலும் ஹெல்மெட்டும் அம்புலன்ஸும் இருக்கிற இடத்தில் ஓடுவதற்காக அவ்வளவு தூரம் போகலாம். களத்தில் பழகி முடிந்ததும் எழுதுங்கள், கொப்பியில் உள்ள எண்களையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.